சித்திரைக்கு நேர் கீழே

கணினியால் இயங்கும் தொலைநோக்கி வாங்கிய முதல் மூன்று மாதம், கோள்களைத் தவிர நான் அனேகமாக எதையும் பார்க்கவில்லை. கைக்கருவியில் எண்ணைத் தட்டுவேன். மோட்டார் முனகும், குழாய் திரும்பும், சின்னத் திரையில் 'எம் 33' என்று வந்து நிற்கும். ஐபீஸில் கண்ணை வைத்தால் சாம்பல் நிற வானம், அதில் நாலைந்து நட்சத்திரம். சரி, எம் 74 போவோம். அதுவும் அப்படியே. நள்ளிரவு தாண்டி எம் 101. அங்கேயும் சாம்பல்தான்.

கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஸ்டாண்டின் மட்டம், ஊரின் அட்சரேகை, கடிகார நேரம் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஒரு குறையும் இல்லை. கேட்ட இடத்தை அது ஒழுங்காகவே காட்டிக்கொண்டிருந்தது. தாம்பரத்து மொட்டை மாடியில் நின்றுகொண்டு எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வருஷம் பிடித்தது. உங்களுக்கு அந்த ஒரு வருஷம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 5 அங்குலக் கருவி. ஷ்மிட்-கேசகிரெய்ன் வகை, 125 மி.மீ. விட்டம், 1250 மி.மீ. குவியத் தூரம். 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 50 மடங்கு பெரிதாக்கும், ஏறக்குறைய ஒரு பாகை அகலத்துக்கு வானம் தெரியும். இரண்டு முழு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம் அது. இருட்டில் விரிந்த கண்பாவை 7 மி.மீ. என்று கொண்டால், நம் கண்ணைவிடச் சுமார் 300 மடங்கு ஒளியை இது வாரிக்கொள்ளும். குழாயை ஒரு நடை, ஸ்டாண்டை ஒரு நடை, அவ்வளவில் மாடிக்குப் போய்விடும். இது முக்கியம். தூக்க முடியாத கருவி அலமாரியில்தான் இருக்கும்.

அமைக்கும்போது இரண்டு விஷயம் என்னைக் கஷ்டப்படுத்தின. ஒன்று தேதி. என் கைக்கருவி மாதத்தை முதலில் கேட்கும், நாளைப் பிறகு. நான் மார்ச் 5ஆம் தேதியை நம் வழக்கப்படி 5, 3 என்று போட்டுவிட்டு, மே 3ஆம் தேதி வானத்தைத் தேடும்படி அதை அனுப்பியிருக்கிறேன். இரண்டாவது, ஏசி. சென்னைப் புழுக்கத்தில் ஏசி அறையிலிருந்து குழாயை நேராக மாடிக்குக் கொண்டுபோனால், முன்பக்கக் கண்ணாடி முழுக்க ஐந்து நிமிடத்தில் வேர்த்துவிடும். குளிர்ந்த கண்ணாடி மேல் ஈரக்காற்று பட்டால் வேறென்ன ஆகும்? அதன்பிறகு தொலைநோக்கியை ஏசி இல்லாத அறைக்கு மாற்றினேன். மார்கழி, தை மாதங்களில் பின்னிரவுப் பனிக்கு, பழைய யோகா பாயை வெட்டிக் குழாய் முனையில் சட்டை மாதிரி சுற்றிவிடுகிறேன். நன்றாக வேலை செய்கிறது.

கருவிக்குத் திசை சொல்லிக்கொடுக்க இரண்டு நட்சத்திரம் வேண்டும். தலைக்கு மேலே இருப்பதும் வேண்டாம், அடிவானத்தில் இருப்பதும் வேண்டாம், ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். ஏப்ரலில் இரவு ஒன்பது மணிக்கு மேற்கே சிரியஸ், கிழக்கே சித்திரை என்று எடுத்துக்கொள்வேன். நட்சத்திரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக்கி வட்டமாக்கினால், பார்வையின் நடுவில் நிறுத்துவது சுலபம்.

இனி அந்தச் சாம்பல் நிறத்துக்கு வருகிறேன். பட்டியல்களில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பொலிவெண் இருக்கும். எண் கூடக்கூடப் பொலிவு குறையும். ஒரு எண் இறங்கினால் 2.512 மடங்கு பிரகாசம். 1856இல் இந்த விகிதத்தை வகுத்தவர் நார்மன் போக்சன். 1861இல் அவர் சென்னைக்கு வந்தார், நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வுக் கூடத்தை 1891இல் இறக்கும்வரை நடத்தினார். வந்த வருஷமே இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அவரோடு வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி நட்சத்திரத்தைக் கண்டார். நுங்கம்பாக்கத்தில் வானிலை அலுவலக வளாகத்தில் அந்தக் கூடத்தின் கல்தூண் இன்னும் நிற்கிறது, தமிழிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறது. உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாவற்றிலும் ஓடும் ஒரு கணக்கின் சொந்தக்காரர் முப்பது வருஷம் நம் ஊரில் இருந்திருக்கிறார். நான் பள்ளியில் படித்த காலத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை.

அந்தப் பொலிவெண்படி எம் 33 கேலக்ஸிக்கு 5.7. மோதிர நெபுலா எனப்படும் எம் 57க்கு 8.8. எண்ணை மட்டும் பார்த்தால் எம் 33 பதினேழு மடங்கு பிரகாசம். ஆனால் தாம்பரத்தில் எம் 57 சின்னப் புகைவளையமாகத் தெளிவாகத் தெரிகிறது, எம் 33 தெரிவதே இல்லை. காரணம் எளிது. எம் 33இன் மொத்த ஒளியும் நிலாவைவிடப் பெரிய பரப்பில் பரவிக் கிடக்கிறது. ஒரு ஸ்பூன் நெய்யை ஒரு இட்லிக்கு ஊற்றுவதும் ஒரு அண்டா சாதத்துக்கு ஊற்றுவதும் ஒன்றாகுமா? பரவிய அந்த ஒளி நம் தெருவிளக்கு வெளிச்சத்தில் மூழ்கிப்போகிறது. பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை, கேலக்ஸி மங்கும் அளவுக்கே பின்னால் இருக்கும் வானமும் மங்கும், வித்தியாசம் கூடாது.

நட்சத்திரத்தின் கதை வேறு. அது புள்ளி. 50 மடங்கிலும் புள்ளி, 100 மடங்கிலும் புள்ளி. பெரிதாக்கும்போது வானம் இருண்டுகொண்டே போகும், நட்சத்திரம் மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே ஊருக்குள் இருப்பவர்களுக்கு வானம் தருவது நட்சத்திரக் கொத்துகளை. அதற்கு அடுத்தபடி எம் 57 போலக் கச்சிதமான சிறு நெபுலாக்களை. கேலக்ஸிகளில் தாம்பரத்திலிருந்து எனக்குப் பிடிபடுவது எம் 104 ஒன்றுதான், கன்னி ராசியின் தெற்கு ஓரத்தில், ஒரு தறிநாடா மாதிரி. ஒளி நடுவில் குவிந்திருப்பதால் அது தப்பிக்கிறது.

இது புரிந்த பிறகும் நான் இன்னொரு தப்பு செய்தேன். மெஸ்ஸியே பட்டியலை வேதமாக எடுத்துக்கொண்டேன். எம் என்ற எழுத்து அவர் பெயர்தான். சார்ல் மெஸ்ஸியே பாரிஸில் வால்நட்சத்திரம் தேடியவர். வால்நட்சத்திரம் மாதிரித் தெரிந்து ஏமாற்றும் மங்கல் பொருள்களைக் குறித்து வைத்தார், 1774இல் 45 பொருள்களோடு முதல் பட்டியல் வந்தது, பிற்பாடு அது 110 ஆனது. அவர் பயன்படுத்திய தொலைநோக்கிகளில் சில ஏறக்குறைய 90 மி.மீ. விட்டமுள்ளவை, என்னுடையதைவிடச் சிறியவை. பெருநகரத்தின் நடுவில், ஒரு மாளிகையின் உச்சியில் நின்று பார்த்தவர். சின்னக் கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும் அவர் முன்னோடி, அதில் சந்தேகமில்லை.

ஆனால் அவர் நின்ற இடம் பாரிஸ், 49 பாகை வடக்கே. அவர் பட்டியலிலேயே தெற்குக் கோடியில் இருப்பது எம் 7, விருச்சிகத்தின் வால் பக்கம். பாரிஸில் அது அடிவானத்திலிருந்து ஆறு பாகைதான் எழும்பும். தாம்பரத்தில் 42 பாகை ஏறும். அதற்கும் தெற்கே உள்ள ஒரு பெரிய வானம் அவருக்கு எழவே இல்லை. நமக்கு எழுகிறது. நான் அவருடைய 110ஐ ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்த மாதங்களில், எங்கள் மாடியின் தெற்குக் கைப்பிடிச்சுவருக்கு மேலே அது ஒவ்வொரு இரவும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. நகரத்தின் வெளிச்சக் குடை எங்களுக்கு வடக்கே. தெற்கு, செங்கல்பட்டுப் பக்கம், ஒப்பிட்டால் இருட்டு. தண்ணீர் டேங்க் தெருவிளக்கை மறைக்கும் மூலையில் ஸ்டாண்டை வைத்தால், தெற்கே பார்ப்பதுதான் இங்கே சுகம்.

அப்படித்தான் ஒரு சித்திரை மாத இரவில், என்ஜிசி என்ற இன்னொரு பட்டியலில் 5139ஐத் தட்டினேன். ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமில்லை. குழாய் சித்திரை நட்சத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட நேர் கீழாக இறங்கியது. அந்த இறக்கமே எனக்குப் புதிதாக இருந்தது. சித்திரையும் ஒமேகா சென்டாரியும் வானத்தில் ஒரே நெடுக்குக் கோட்டில் இருக்கின்றன, 36 பாகை இடைவெளியில். சித்திரை உச்சிக்கு வரும்போது இதுவும் உச்சிக்கு வரும், தாம்பரத்தில் 30 பாகைக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில்.

முதலில் ஐபீஸில் தெரிந்தது ஒரு வெளிறிய வட்டம், பெரிசு. இரண்டு நிமிடம் கழித்து அதன் ஓரம் பொடிப்பொடியாக ஆனது. தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, 12 மி.மீ. ஐபீஸுக்கு மாறி, வட்டத்தை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தேன். பொடி உள்ளேயும் பரவியது. ரவையைக் கறுப்புத் துணியில் கொட்டிப் பரப்பியதுபோல, மின்னியும் மறைந்தும், எண்ண ஆரம்பிப்பதற்குள் வேறொன்றாக. தெருவில் லாரி போனது, நாய் குலைத்தது. நான் நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தேன். கருவி வாங்கியது எதற்கு என்று அந்த இரவில்தான் எனக்குத் தெரிந்தது.

சுமார் ஒரு கோடி நட்சத்திரம், 17,000 ஒளியாண்டு தூரம். நம் பால்வீதியின் உருண்டைக் கொத்துகளில் இதுதான் ஆகப் பெரியது. தாலமி இதை ஒற்றை நட்சத்திரமாக எழுதி வைத்தார், 1603இல் பாயர் ஒமேகா என்ற எழுத்தைக் கொடுத்ததும் நட்சத்திரம் என்று எண்ணித்தான். 1677இல் எட்மண்ட் ஹாலி, இருபது வயது இளைஞர், செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்துவிட்டு இது நட்சத்திரம் இல்லை என்று கண்டார். பால்வீதி எப்போதோ விழுங்கிய ஒரு குட்டிக் கேலக்ஸியின் நடுப்பகுதியாக இது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 2024இல், ஹபிள் தொலைநோக்கி இருபது வருஷமாக எடுத்த 500க்கும் மேற்பட்ட படங்களை ஒப்பிட்டு, இதன் மையத்தருகே அளவுமீறிய வேகத்தில் ஓடும் ஏழு நட்சத்திரங்களைக் கண்டார்கள். குறைந்தது 8,200 சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை அங்கே இருந்தால்தான் அந்த வேகத்துக்குக் கணக்கு வரும் என்கிறார்கள். லண்டனில், பாரிஸில் இது எழுவதே இல்லை.

அதற்குப் பிறகு என் பட்டியலை நானே போட்டுக்கொண்டேன். வழிகாட்டி, நம் இருபத்தேழு நட்சத்திரங்கள்தான். என் அம்மாவுக்கு அவை வரிசையாகத் தெரியும், வானத்தில் எது எங்கே என்று தெரியாது. மாசி மாதத்தில் ஒருநாள் மாடிக்குத் துணி எடுக்க வந்தவர் கேட்டார்.

"என் நட்சத்திரத்தக் காட்டுவியாடா? பூசம்."

கடகத்தில் பூசத்தின் மங்கலான நட்சத்திரங்களுக்கு நடுவேதான் எம் 44 கொத்து இருக்கிறது. கண்ணுக்கு இங்கே தெரியாது. கருவியை அங்கே திருப்பி, அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"இம்புட்டு இருக்கா?"

"ஆயிரம் வரைக்கும் சொல்றாங்கம்மா. அறுநூறு ஒளியாண்டு தூரம்."

"கோயில்ல அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொல்றப்பல்லாம், ஏதோ ஒத்தையா ஒண்ணு இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்டா."

எம் 44 ஒரு பாகைக்கும் மேல் அகலம், என் ஐபீஸில் முழுதாக அடங்காது. அதனால் பைனாகுலரையும் கையில் கொடுத்தேன். கார்த்திகைக்கும் அப்படித்தான். பழந்தமிழில் அறுமீன் எனப்பட்ட கூட்டத்தில், தாம்பரத்தில் வெறும் கண்ணுக்கு மூன்றோ நாலோதான் எண்ண முடிகிறது. பைனாகுலரில் முப்பதுக்கு மேல். பெரிய கொத்துக்குச் சின்னக் கருவிதான் நல்லது.

கேட்டைக்கு ஒட்டினாற்போல் எம் 4, உருண்டைக் கொத்து, நடுவே ஒரு நட்சத்திர வரிசை ஓடுவது தெரியும். மூலத்துக்குப் பக்கத்தில் எம் 6, எம் 7. பூராடம், உத்திராடம் பக்கம் எம் 22. என்னைக் கேட்டால் வடக்கத்தியர்கள் கொண்டாடும் எம் 13ஐவிட எம் 22 நமக்கு மேல். ஜூன், ஜூலையில் மேகம் தொல்லைதான், ஆனால் சாயங்கால இடிமழை தூசியைக் கழுவிவிட்டுப் போன இரவு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். தையில் மிருகசீரிடத்துக்குக் கீழே எம் 42, அதன் மையத்தில் நாலு நட்சத்திரம் சதுரமாக. சிரியஸுக்கு நாலு பாகை தெற்கே எம் 41. இன்னும் தெற்கே, அகத்தியர் நட்சத்திரத்துக்குக் கிழக்கே போனால், நியூஜெர்சியில் இருக்கும் என் நண்பன் கனவு காணும் பகுதி. என்ஜிசி 2477, பொடி நட்சத்திரக் குவியல். ஏப்ரல் நடுவில் இரவு பத்துக்குச் சற்று முன் உச்சிக்கு வரும் என்ஜிசி 3532, 18 பாகை உயரம்தான், ஆனாலும் வைரப்பொடி. 1990இல் ஹபிள் தொலைநோக்கி அனுப்பிய முதல் படத்தில் இருந்தது இந்தக் கொத்துதான். இதையும் 2477ஐயும் முதலில் பட்டியலிட்ட லக்காய் 1751, 52இல் தென்னாப்பிரிக்க முனையில் நின்று பார்த்தவர். அவர் குழாயின் விட்டம் அரை அங்குலம். ஆமாம், அரை அங்குலம்.

கேலக்ஸி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது வரும் 50 மி.மீ. கேமரா தொலைநோக்கிகள் பத்துப் பத்து விநாடிப் படங்களாக எடுத்து அடுக்கி போனில் காட்டிவிடுகின்றன. ஒமேகா சென்டாரிக்கு நாலரை பாகை வடக்கே உள்ள சென்டாரஸ் ஏ கேலக்ஸியின் கறுப்புப் பட்டையை, என் மாடியில் வைத்தே நண்பர் ஒருவர் அதில் காட்டினார். நான் கண்ணால் அதைப் பார்க்க ஜவ்வாது மலைக்குப் போக வேண்டியிருந்தது, காவலூர் வானாய்வகம் இருக்கும் அதே மலை. ஊருக்குள் கேலக்ஸிக்குக் கேமரா, கொத்துக்குக் கண். என் தீர்ப்பு அதுதான்.

கண்ணைப் பழக்குவதற்குக் கருவி உதவாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும், ஒருமுறை போனைத் திறந்தால் எல்லாம் போச்சு. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஓரக்கண்ணால் பார்ப்பது அதனால்தான். ஒரு இரவில் முப்பது பொருளுக்கு ஓடாமல், மூன்று போதும் என்று இருங்கள், ஒவ்வொன்றுக்கும் கால்மணி நேரம். நோட்டில் பென்சிலால் வரையுங்கள். வரையும்போதுதான் அந்த நட்சத்திரம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கண் தேட ஆரம்பிக்கும்.

நிலா இருக்கும் இரவுகள் வேண்டாம். தைப்பூசத்தன்று முழுநிலா பூசத்திலேயே நிற்கும், சித்ரா பௌர்ணமியன்று சித்திரையருகே நிற்கும், அந்த நாள்களில் இரண்டு கொத்தும் கிடைக்காது. அமாவாசையை ஒட்டிய பத்து நாள் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, அப்போது கருவியைத் துடைத்து சிலிக்கா ஜெல் போட்டு மூடி வைத்துவிடுவேன்.

சித்திரை முதல் நாள் இரவில், சென்னைப் பக்கம், நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம் அளவில் ஒமேகா சென்டாரி நேர் தெற்கே உச்சிக்கு வருகிறது. நாளுக்கு நாலு நிமிடம் முந்தும், மே நடுவில் பத்து மணிக்கே வந்துவிடும். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் நாலைந்து பாகை உயரத்தில். வீட்டில் கருவி சும்மா கிடந்தால் மாடிக்கு எடுத்துப் போங்கள். 5139 என்று தட்டி, துண்டைப் போர்த்திக்கொண்டு, கால்மணி நேரம் உட்காருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள்.